சுருக்கினால் எளிமை வந்துவிடுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம். பள்ளி நாளிலிருந்தே எழுதுகிறேன். அடுக்குச் சொற்களும் உவமைகளுமாக எழுதினால் அப்போது நல்ல பாராட்டு கிடைக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினேன். 'நன்றாக இருக்கிறது, கொஞ்சம் எளிமையாக எழுதிப் பாருங்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து வெட்டிக்கொண்டே இருக்கிறேன். இப்போது என் எழுத்து எனக்கே சப்பென்று இருக்கிறது. 'இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே' என்று தோழி ஒருத்தி சொல்லிவிட்டாள்.

முன்பு இப்படி எழுதியிருந்தேன்: 'வானமகள் தன் கருங்கூந்தலை அவிழ்த்துவிட்ட அந்த இரவு வேளையில், சொல்லொணாத் துயரக் கடலில் மூழ்கியவளாய், தன் தாயின் இனிய நினைவுகளை நெஞ்சில் சுமந்தபடி அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.' அதை இப்படி மாற்றினேன்: 'இரவு. வாசலில் நின்றாள். அம்மாவின் நினைவு வந்தது.'

இந்த எளிமைப் பித்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அலமாரிகளைக் காலி செய்தேன். கணவர் வைத்திருந்த பழைய ரேடியோவையும் அவரைக் கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டேன். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு சரியில்லை. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. நான் இரவு எந்நேரம் வந்தாலும் அதுவரை வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருப்பார். அவருடைய பொருட்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. எளிமை நிஜமாகவே உயர்ந்த விஷயமா, இல்லை, வளமாக எழுதவும் வாழவும் முடியாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எழுத்திலும் வீட்டிலும் உங்களுக்கு நடந்தது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்பே எதை எடுக்கலாம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். எளிமை மிக உயர்ந்த விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது கத்தரிக்கோலில் தொடங்குவதில்லை. பல வருடங்களாக மற்றவர்களின் எழுத்தைத் திருத்துவதே என் வேலை என்பதால் முதலில் உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு வடிவங்களும் பார்வைக்கு நேரெதிராக இருக்கின்றன. ஒன்றில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, இன்னொன்றில் சொற்களே இல்லை. ஆனால் குறை இரண்டிலும் ஒன்றுதான். அம்மாவைப் பற்றி அவள் எதை நினைத்தாள் என்று இரண்டுமே சொல்லவில்லை. 'இனிய நினைவுகள்' என்றால் எவை? முதல் வாக்கியத்தில் அலங்காரம் அந்த வெற்றிடத்தை மூடி மறைத்தது. அலங்காரத்தை எடுத்ததும் வெற்றிடம் அப்படியே தெரிகிறது. உங்கள் தோழி சொன்னதும் இதைத்தான். அந்த மூன்று சிறு வாக்கியங்கள் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் கடிதத்தையே திரும்பிப் படியுங்கள். வீட்டைப் பற்றிச் சொல்லும்போது, எழுத்து என்ற நினைப்பே இல்லாமல், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வரும்வரை அம்மா வாசல் விளக்கை அணைக்க மாட்டார் என்ற வரி. அந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதுதான். நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

'அவள் வீட்டுக்கு வந்தபோது வாசல் விளக்கு எரியவில்லை. எந்நேரமானாலும் அவள் வரும்வரை அதை அணைக்காத அம்மா இறந்து எட்டு நாளாகிறது. இருட்டில் சாவித் துவாரத்தைத் தடவித் தேடினாள்.'

இதில் துயரம் என்ற சொல் இல்லை. கடலும் இல்லை, கூந்தலும் இல்லை. உங்கள் சுருக்கமான வடிவத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். ஆனாலும் எளிமையானது, ஏனென்றால் வாசிப்பவருக்கு இங்கே ஊகிக்க வேண்டிய வேலையும் இல்லை, ஒதுக்கித் தள்ள வேண்டிய சொல்லும் இல்லை. நடந்ததை மட்டும் பார்க்கிறார், மீதியை அவரே உணர்ந்துகொள்கிறார். இதைவிட நன்றாக உங்களால் எழுத முடியும். அது உங்கள் அம்மா, உங்கள் வாசல். எனக்குத் தெரியாத ஆயிரம் விவரங்கள் உங்களிடம் இருக்கின்றன.

இதெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் ஒரு நூலுக்கு இருக்க வேண்டிய அழகுகள் பத்தும் வரக்கூடாத குற்றங்கள் பத்தும் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அழகுகளில் முதலாவது 'சுருங்கச் சொல்லல்'. எளிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அடுத்ததே 'விளங்க வைத்தல்'. இரண்டும் சேர்ந்தால்தான் அழகு. குற்றங்களின் பட்டியல் இன்னும் கவனிக்க வேண்டியது. அங்கே முதலில் வருவது 'குன்றக் கூறல்', அதாவது சொல்ல வேண்டிய அளவுக்குக் குறைவாகச் சொல்வது. 'மிகைபடக் கூறல்' அதற்கு அடுத்துதான். உங்கள் பழைய வாக்கியம் இரண்டாவது குற்றத்தில் விழுந்தது, புதிய வாக்கியம் முதல் குற்றத்தில் விழுந்தது. மாணவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை மனப்பாடப் பகுதியாக மட்டும் கொடுத்துவிடுகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. எழுதி முடித்த ஒவ்வொரு பக்கத்தையும் அந்த இருபதோடு ஒருமுறை வைத்துப் பார்த்தால் பாதித் திருத்தத்துக்கு என்னைப் போன்றவர்களே தேவையில்லை.

சுருக்கமும் எளிமையும் ஒன்றல்ல என்பதற்குத் திருக்குறளே போதும். ஒரு குறளில் ஏழே சீர்கள்தான். அதைவிடச் சுருக்கம் எது? ஆனால் அந்த ஏழு சீர்களை விளக்க அந்தக் காலத்திலேயே பத்துப் பேர் உரை எழுதியதாக மரபு சொல்கிறது. சில குறள்கள் கேட்ட உடனே புரியும், சில ஆழமாகத் தோண்ட வைக்கும். இரண்டுக்கும் இடம் உண்டு. நீங்கள் எழுதுவது வாசகர் ஒருமுறை படித்துவிட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டுரை. அங்கே சொற்களின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வாசிப்பவர் எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க நேர்கிறது என்று பாருங்கள்.

அவர் ஏன் திரும்பிப் பார்க்கிறார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மனம் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஏறக்குறைய நான்கு என்று கணக்கிட்டார். இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை வாசகர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே வர வேண்டும். இதைப் பாருங்கள்: 'சென்ற ஆண்டு பலரும் எதிர்த்த, அதன் பிறகு இரண்டு முறை திருத்தப்பட்ட, கடைசியில் யாருடைய கவனத்துக்கும் வராமல் கிடந்த அந்தத் திட்டத்தை முன்மொழிந்தவரே கைவிட்டார்.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிவதற்குள் மூன்று தகவல்களை வாசகர் சுமந்தாக வேண்டும். 'அந்தத் திட்டத்தை முன்மொழிந்தவரே கைவிட்டார். சென்ற ஆண்டு பலரும் அதை எதிர்த்தார்கள். இரண்டு முறை திருத்திய பிறகும் யாரும் கண்டுகொள்ளவில்லை' என்றால் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அதற்காக நீண்ட வாக்கியமே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். 'எழுந்து, கதவைத் திறந்து, சத்தம் வராமல் படியிறங்கி, தெருவைக் கடந்து, கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தான்' என்பது நீளமான வாக்கியம்தான், ஆனால் வழுக்கிக்கொண்டு போகிறது. நடந்த வரிசையிலேயே செயல்கள் வருவதால் எதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் அடைமொழிகளை அடுக்குவதுதான் தமிழில் மூச்சு வாங்க வைக்கிறது, வினையெச்சங்களை அடுக்குவது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்தால் எளிமை வந்துவிடும் என்ற அறிவுரையை நான் நம்புவதில்லை. உங்கள் 'இரவு. வாசலில் நின்றாள்' அந்த அறிவுரையிலிருந்து வந்ததுதான் என்று தோன்றுகிறது.

அப்புறம், தயங்காமல் வெட்டக்கூடியவையும் இருக்கின்றன. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது', 'சொல்ல வார்த்தைகள் இல்லை' போன்றவை. 'ஆய்வினை மேற்கொண்டார்' என்றால் ஆராய்ந்தார், 'உதவி புரிந்தார்' என்றால் உதவினார், 'நடைபெற்று வருகின்ற ஒரு நிகழ்வாக இருக்கிறது' என்றால் நடக்கிறது. இவற்றை எடுத்தால் பொருளில் ஒன்றும் குறையாது, எழுத்துக்கு மூச்சு வரும். உரக்கப் படித்தால் இந்த இடங்கள் தானாகவே காதில் இடறும்.

'யார் வேண்டுமானாலும் எழுதலாமே' என்ற சொல் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று புரிகிறது. எளிமையாக எழுதினால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, படித்தவர்களுக்கு இன்னும் அதிகம். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார். ஒரே எழுத்தின் எளிய வடிவத்தையும், சொற்களுக்குப் பதிலாகக் கடினமான சொற்களைப் போட்ட வடிவத்தையும் வாசகர்களிடம் கொடுத்தார். தேவையில்லாமல் கடினமாக்கப்பட்ட எழுத்தை எழுதியவரைத்தான் அவர்கள் அறிவில் குறைவாக மதிப்பிட்டார்கள். ஆகவே அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். அதோடு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தோன்றுவது மொழியின் எளிமையால் வருவதில்லை. எழுதியவர் தான் கண்டதைச் சொல்லாமல் விட்டதால் வருகிறது. வாசல் விளக்கை எழுதிக் காட்டுங்கள், அதே தோழி அப்படிச் சொல்ல மாட்டார்.

எழுத்துக்கு வெளியே ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் எதை விடுவது, எதை வைப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை. லண்டன் நிலத்தடி ரயிலின் வரைபடத்தை ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் புதிதாக வரைந்தார். அதுவரை வரைபடங்கள் உண்மையான தூரத்தையும் வளைவுகளையும் காட்ட முயன்றன. நிலையங்கள் நெருங்கிய நகர மையத்தில் எதையும் படிக்க முடியாது. ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலத்தின் மேல் எவ்வளவு தூரம் என்பது தேவையில்லை, எந்த நிலையத்துக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும் என்பதுதான் தேவை என்று பெக் முடிவு செய்தார். தூரத்தை விட்டார். எல்லாப் பாதைகளையும் கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு என்று நேராக்கினார். நிர்வாகம் முதலில் மறுத்தது. 1933இல் அச்சிட்டுக் கொடுத்தபோது பயணிகள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேம்ஸ் நதியை அவர் விடவில்லை. ரயிலுக்கு நதி தேவையே இல்லை. பயணிக்குத் தேவை, தான் நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள. யாருக்காகச் செய்கிறோம் என்பது தெளிவாகிவிட்டால், வெட்டுவதைப் போலவே வைத்துக்கொள்வதும் எளிதாகிவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

ஒன்றை எடுத்துவிடலாம் என்று யோசித்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன். அது மனிதருக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. லெகோ கட்டைகளால் செய்த ஓர் அமைப்பில் மேல்தட்டு ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டையின் மேல் நிற்கும். அதை உறுதியாக்க வேண்டும், சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் காசு. அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டாலே தட்டு கீழே நன்றாகப் படிந்துவிடும், செலவும் இல்லை. ஆனாலும் பலர் கட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எடுப்பதற்குக் காசு இல்லை என்று ஒரு வார்த்தை நினைவூட்டியதும் அதைக் கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள். வீட்டில் பொருள் சேர்வதும், நாளில் வேலைகள் சேர்வதும், கட்டுரையில் பத்திகள் சேர்வதும் இப்படித்தான். எடுக்கலாம் என்பது நினைவுக்கு வருவதே பெரிய விஷயம்.

ஆனால் உங்கள் கணவரின் ரேடியோ உங்கள் வரைபடத்தில் இல்லாத நதி. உங்களுக்கு அது இடத்தை அடைக்கும் பெட்டி. அவருக்கு அது என்னவாக இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருவர் தன் பொருளைக் குறைத்துக்கொள்வது எளிமை. இன்னொருவர் பொருளை அவருக்காகக் குறைப்பதை நான் அந்தப் பெயரால் அழைக்க மாட்டேன். இல்லாமையால் வரும் குறைவையும் அப்படித்தான் பார்க்கிறேன். தேர்ந்தெடுக்க வழியில்லாமல் குறைவாக வாழ்கிறவரிடம் போய் எளிமையின் பெருமையைப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் கேட்ட 'சமாதானம்' என்ற சொல் அந்த இடத்தில் பொருந்தும்.

கணவரிடம் பேசும்போதுதான் எளிய மொழி உங்களுக்கு மிகவும் உதவும் என்று நினைக்கிறேன். ஏன் அலமாரியைக் காலி செய்தீர்கள், எந்த வீடியோ பார்த்தீர்கள், மன அமைதிக்கு அது எப்படி நல்லது என்றெல்லாம் விளக்கப் போகாதீர்கள். விளக்கம் நீள நீள அது மன்னிப்பாக இல்லாமல் வாதமாகிவிடும். 'உங்களைக் கேட்காமல் ரேடியோவைக் கொடுத்தது தப்பு. யாரிடம் கொடுத்தேனோ அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.' அவ்வளவுதான். அப்புறம் அவர் பேசட்டும். திரும்பக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் அந்த ரேடியோவைப் பற்றி அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். இனி பொதுவான அறைகளில் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் அலமாரியில் உங்கள் இஷ்டம்.

அம்மாவின் பொருட்களை இப்போது தொட வேண்டாம் என்பது என் எண்ணம். யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை, வீடியோக்களைத் தவிர. அவற்றை ஒரு பெட்டியிலோ அலமாரியின் ஒரு தட்டிலோ வைத்துவிட்டு, எழுத வேண்டியதை முதலில் எழுதுங்கள். எழுதும்போது எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதோ அது இருக்க வேண்டியது. ஒருமுறைகூட நினைவுக்கு வராதவற்றைப் பிறகு நிதானமாகக் கொடுக்கலாம், அப்போது அது உங்களுக்கு வலிக்காது. உறவினர்கள் யாராவது ஒரு பொருளைக் கேட்டால் கொடுங்கள். அவர்களிடமும் அம்மாவைப் பற்றி ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், கொடுக்கும்போது அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருட்களைவிட நாளின் சிக்கல் பெரிதாக இருக்கும் என்றும் சந்தேகிக்கிறேன். வேலைக்குப் போகிறீர்களா, எழுத எப்போது நேரம் கிடைக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதவே நேரமில்லாத அளவுக்கு வாரம் நிறைந்திருந்தால், அலமாரியை விட்டுவிட்டு அங்கே ஒன்றை எடுங்கள். வர முடியாத இடத்துக்கு 'முடிந்தால் வருகிறேன்' என்று சொல்வதற்குப் பதிலாக 'இந்த முறை வர முடியவில்லை' என்று சொல்லிப் பழகுங்கள். எதிரில் இருப்பவரும் காத்திருக்க மாட்டார்.

பழைய அலங்காரக் கட்டுரைகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருந்தால் அழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சொல்லின் ஓசையில் உங்களுக்கு இருக்கும் மகிழ்ச்சி அவற்றில் தெரிகிறது. 'கருங்கூந்தல்' அந்த வாக்கியத்துக்குப் பொருந்தவில்லை, அதனால் அந்தக் காது தவறானது என்று ஆகிவிடாது. அடுத்த கட்டுரையை முதலில் அடக்காமல் எழுதுங்கள், உவமை வந்தால் வரட்டும். எழுதியதைச் சில நாட்கள் எடுத்து வைத்துவிட்டு, பிறகு வாசகராக உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். அம்மா தெரிகிற இடங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் மட்டும் தெரிகிற இடங்களை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் அதே பத்திரிகைக்கே அனுப்புங்கள். 'நன்றாக இருக்கிறது' என்று அவர்கள் முதலில் எழுதியதையும் நீங்கள் நம்பலாம்.